பெட்டி கட்டும்போது பரோட்டாவ நெனச்சு கவலைப்படாதீங்க

ஆகஸ்ட் செப்டம்பர் வந்தா போதும், ஜெர்மனிக்குப் படிக்க வர்ற நம்ம புள்ளைங்ககிட்டேர்ந்து ஒரே கேள்வி மாத்தி மாத்தி வரும், அண்ணா என்னென்ன எடுத்துட்டு வரணும், மேகி கிடைக்குமா, பரோட்டா பாக்கெட் கிடைக்குமா, பொன்னி அரிசி இருக்குமா, அம்மா சாம்பார் பொடி அரைச்சு மலை மாதிரி குவிச்சிருக்காங்க அது பத்துமா. ஒவ்வொருத்தருக்கா பதில் போட்டு கை வலிக்குது, அதான் மொத்தமா ஒரு தடவ எழுதிடலாம்னு. நான் மொதல்ல இருந்தது கெம்னிட்ஸ், கிழக்கு ஜெர்மனி. அப்புறம் வேலை மாறி டோர்ட்மண்ட் பக்கம் வந்தாச்சு. ரெண்டு ஊருலயும் சமைச்சு சாப்பிட்டு பழகினதுல தெரிஞ்சுக்கிட்டதுதான் இது எல்லாம்.

நம்ம ஆளுங்க வந்து எறங்கினதும் மேப்ப தொறந்து இண்டியன் ஸ்டோர்னு போட்டுத் தேடுவாங்க, ஒண்ணும் வரலைன்னா இந்த ஊர்ல ஒண்ணுமே கிடைக்காதுனு முடிவு கட்டிட்டு மறுநாள்லேர்ந்து பிரெட்டும் ஜாமும்தான். அப்படித் தேடாதீங்க. உங்க ஊருக்கு உங்களுக்கு முன்னாடி யாரு வந்து குடியேறினாங்கனு பாருங்க, அவங்க வந்த எடத்துல அவங்க சாமான் வந்திருக்கும், அந்த சாமான்ல நம்ம சாமானும் பாதி இருக்கும். மேற்கு ஜெர்மனி 1961ல துருக்கியோட ஒப்பந்தம் போட்டு வேலைக்கு ஆள் எடுத்துச்சு, அதனால அந்தப் பக்கம் சின்ன ஊர்லகூட ஒரு துருக்கி கடை இருக்கும். கிழக்கு ஜெர்மனி 1980க்கு அப்புறம் வியட்நாம்லேர்ந்து ஆள் எடுத்துச்சு, அதனால கெம்னிட்ஸ், டிரெஸ்டன், லைப்சிக் பக்கம் வியட்நாம்காரங்க கடை. 83 கலவரத்துக்கு அப்புறம் ஈழத்துலேர்ந்து வந்த நம்ம சனம், அதுல நெறைய பேரு கிழக்கு பெர்லின் ஏர்போர்ட்ல எறங்கி அங்கேர்ந்து மேற்கு பெர்லினுக்குள்ள வந்தவங்க, கடைசில எசன், டோர்ட்மண்ட், கொலோன் இப்படி தொழில் ஊருங்கள்ல நெறைய பேரு தங்கினாங்க. பரோட்டா பாக்கெட் எங்க கிடைக்கும்ங்கறதுக்கு பதில் இந்த சரித்திரத்துலதான் இருக்கு.

கெம்னிட்ஸ்ல நான் இருந்தப்ப நம்ம கடைனு சொல்லிக்க ஒண்ணும் எனக்குப் பக்கத்துல இல்ல. வியட்நாம் அக்கா ஒருத்தங்க கடைதான் எல்லாத்துக்கும். உள்ள போனா மீன் சாஸ் வாசம் ஆளத் தூக்கும், அதுக்கு பயந்து திரும்பி வந்துட்டா போச்சு, ஏன்னா அந்த ஃப்ரீசர்லதான் மலேசியா சிங்கப்பூர்லேர்ந்து வர்ற ரொட்டி பராட்டா பாக்கெட் இருக்கும். அது அசல் நம்ம பரோட்டாதான், அங்க இருக்கற நம்ம ஆளுங்க வழியா உலகம் பூரா போனது. அதே ஃப்ரீசர்ல துருவின தேங்கா, வாழை இலை, மரவள்ளிக்கிழங்கு எல்லாம் இருக்கும். அலமாரியில தோல் நீக்கின பாசிப்பருப்பு இருக்கும், அவங்க இனிப்பு செய்ய வெச்சிருக்கறது, நமக்குப் பொங்கலுக்கு ஆச்சு. புளி, ஜவ்வரிசி, பனை வெல்லம் மாதிரி ஒண்ணு, பாவக்கா, பச்ச மிளகா எல்லாம் உண்டு. பான் ஹோய்னு ஒரு காஞ்ச அரிசி நூடுல்ஸ் இருக்கும், மெல்லிசா பின்னின மாதிரி சின்ன சின்ன வில்லையா, வெந்நீர்ல போட்டு எடுத்தா சத்தியமா இடியாப்பம். மேல தேங்காப்பால் ஊத்தி குடுத்தா ஊர்லேர்ந்து வந்த சித்தப்பாவே கண்டுபிடிக்கல. கொஞ்சம் தடிச்ச அரிசி சேமியா பாக்கெட்ல எலுமிச்ச சேவை கிளறலாம், ஆனா வேக வெச்ச உடனே பச்சத் தண்ணில அலசி நல்லா வடிச்சுடணும், இல்லைன்னா கடுகு தாளிச்சு கொட்டும்போது மொத்தமும் ஒரே உருண்டையா ஆயிடும்.

அந்தக் கடையில எண்ணெய் மட்டும் பாத்து வாங்குங்க. எள்ளெண்ணெய்னு கருஞ்சிவப்பா பாட்டில்ல இருக்கறது எள்ள வறுத்து ஆட்டினது, ஒரு சொட்டு ரெண்டு சொட்டு வாசத்துக்கு விடறது, அத இட்லிப் பொடியில நல்லெண்ணெய்னு நெனச்சு ஊத்தினா வாயில வெக்க முடியாது. வறுக்காத எள்ளெண்ணெய் வேணும்னா இங்க பயோ கடைனு சொல்ற இயற்கை சாமான் கடைங்கள்ல, டிஎம்னு சோப்பு ஷாம்பு விக்கற கடை மாதிரி எடங்கள்ல கிடைக்கும், கொஞ்சம் விலை.

துருக்கி கடை வேற மாதிரி. அங்க நம்ம பொடி அப்பளம் எல்லாம் கிடைக்காது, ஆனா அன்னாடம் ஓட்டறதுக்கு அத மாதிரி எடம் இல்ல. கட்டு கட்டா கொத்தமல்லி புதினா, ஜெர்மன் சூப்பர்மார்க்கெட்ல கொத்தமல்லி குட்டி தொட்டியில நாலு தண்டு வெச்சு விப்பாங்க பாருங்க, அந்த அநியாயம் இங்க இல்ல. வாளி வாளியா தயிர், 10 சதவீதம் கொழுப்பு உள்ளது எடுத்தா தயிர் சாதத்துக்கு அப்படி இருக்கும். ஐரான்னு உப்பு போட்ட மோர் டம்ளர்ல கிடைக்கும், அதுல கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டு பெருங்காயம் தூவினா முடிஞ்சுது. பொட்டுக்கடலை இல்லையேனு தவிக்கிறவங்களுக்கு லெப்லெபினு வறுத்த கொண்டக்கடலை இருக்கு, உப்பு போடாதது பாத்து வாங்கி தேங்காயோட அரைச்சா சட்னி சரியா வரும். ஃப்ரோசன் வெண்டக்கா பொடிசா முழுசா இருக்கும், வதக்கறதுக்கு லாயக்கில்ல, புளிக்கொழம்புக்கு நல்லாருக்கும்.

ஜெர்மன் கடைகள நம்ம ஆளுங்க மதிக்கறதே இல்ல, ஆனா அங்கயே பாதி சமையல் முடிஞ்சுடும். ரவைக்கு ரெண்டு வகை இருக்கும், வைஷ்வைட்சன் கிரீஸ் வாங்கினா உப்புமா களி ஆயிடும், அது அவங்க புள்ளைங்களுக்குப் பால்ல காய்ச்சறது. ஹார்ட்வைட்சன் கிரீஸ்னு போட்டிருக்கறத வாங்குங்க, உதிரி உதிரியா வரும். பால் சோறு செய்ய மில்ஷ்ரைஸ்னு குண்டு அரிசி ஒண்ணு விப்பாங்க, விலை ரொம்ப கம்மி, வெண்பொங்கலுக்கு பச்சரிசி தேடி அலையாதீங்க, இதுவே கொழைஞ்சு வரும். கடலை மாவு டிஎம்ல இருக்கு, பஜ்ஜி ஆசை வந்தா தடுக்க ஆள் இல்ல. கேக் சாமான் பக்கம் கோகோஸ்ராஸ்பெல்னு ஒலர்ந்த தேங்காத் துருவல் பாக்கெட், சூடு தண்ணில கொஞ்ச நேரம் ஊற வெச்சு அரைச்சா அவசரத்துக்கு சட்னி. சீரகம் வாங்கும்போது க்ராய்ட்ஸ்க்யும்மல்னு முழுசா எழுதியிருக்கானு பாருங்க, வெறும் க்யும்மல் வேற சாமான், ரசத்துல போட்டா இங்க பேக்கரி வாசம் வரும்.

நெய்ய பத்தி தனியா சொல்லணும், ஏன்னா எல்லா அம்மாவும் அதத்தான் டப்பாவுல அடைச்சு அனுப்பறாங்க. ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்க பால் சாமானும் கறி சாமானும் கொண்டு வரக் கூடாது, சொந்த உபயோகத்துக்குனாலும் கூடாது. நெய், பால்கோவா, மட்டன் ஊறுகா எல்லாம் இதுல அடங்கும். கஸ்டம்ஸ்ல தொறந்து பாத்தா எடுத்து குப்பையில போட்டுடுவாங்க, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா அந்த நீலக் கையுறைக்காரர் கையில போறத பாக்கறது ரொம்ப கொடுமை, ஒரு நண்பனுக்கு அப்படி நடந்தப்ப பக்கத்துல நின்னு நான் பாத்துருக்கேன். ஆனா வேடிக்கை என்னன்னா மீனுக்கு 20 கிலோ வரைக்கும் அனுமதி, அதனால நெத்திலிக் கருவாடு தாராளமா கொண்டு வரலாம், சட்டம் ஒண்ணும் சொல்லாது, ரூம்மேட் சொல்லுவான். நெய்க்கு இங்க கால் கிலோ வெண்ணெய் கட்டி வாங்கி நீங்களே உருக்குங்க, சௌவர்ராம்புட்டர்னு போட்டிருக்கறது தயிர் மாதிரி கொஞ்சம் புளிக்க வெச்ச கிரீம்லேர்ந்து எடுத்தது, அத உருக்கினாதான் வீட்டு நெய் வாசத்துக்கு கிட்ட வருது. புட்டர்ஷ்மால்ட்ஸ்னு ரெடிமேடா உருக்கினதும் இருக்கு, வாசம் பத்தாது, பொரிக்க ஓகே.

இன்னொண்ணு, கசகசா. துபாய் வழியா டிக்கெட் போட்டிருந்தா கசகசாவ கையால தொடாதீங்க, அங்க அது தடை செஞ்ச சாமான், மாட்டினா விளக்கம் சொல்லிட்டு இருக்க முடியாது. கொழம்புக்கு கசகசா இல்லாம செத்துட மாட்டோம், ஜெர்மனியில ரொட்டி மேல தூவறது பூரா அதுதான், நீலம் கலந்த கருப்பா இருக்கும், அவ்வளவுதான்.

கறிவேப்பிலை கதை பெருங்கதை. 2019 டிசம்பர்லேர்ந்து பச்சக் காய், இலை, பழம் எது கொண்டு வந்தாலும் செடி ஆரோக்கிய சர்டிபிகேட் வேணும், வாழைப்பழம், தேங்கா, அன்னாசி, பேரீச்சை, டுரியன் இந்த அஞ்சுக்கு மட்டும் விலக்கு. பெட்டிக்குள்ள துணிக்கு நடுவுல கறிவேப்பிலைய சுருட்டி வெக்கற பழக்கம் அதோட போச்சு. கடைக்கு வர்ற சரக்குலயும் பூச்சிமருந்து எச்சம் இருக்கானு எல்லையில தனியா சோதிக்கறாங்க, அதனால ஒரு வாரம் இருக்கும், ரெண்டு வாரம் இருக்காது, இருந்தா பத்து ஈர்க்குக்கு அவங்க கேக்கற காசுல ஊர்ல மரமே வாங்கலாம். கிடைக்கும்போது ரெண்டு மூணு பாக்கெட் வாங்கி கழுவி, ஈரம் போக துணியில ஒலர்த்தி, டப்பாவுல போட்டு ஃப்ரீசர்ல வெச்சுடுங்க. அப்படியே எண்ணெயில போடலாம், கொஞ்சம் தள்ளி நின்னு போடுங்க. செடி வாங்கி வளக்கலாம்னு தோட்டக் கடைக்குப் போறவங்க கவனம், கரிக்ரவுட்னு எழுதி வெள்ளி நிறத்துல ஊசி ஊசியா இலை உள்ள செடி ஒண்ணு விப்பாங்க, தடவினா மசாலா வாசமும் அடிக்கும், ஆனா அது மத்தியதரைக்கடல் பக்கத்து செடி, மஞ்சப் பூ பூக்கும், தாளிக்கறதுக்கு ஆகாது.

மேகி கேட்டவங்களுக்கு. ஜெர்மனியில மேகினு கேட்டா பழுப்பு கலர் பாட்டில்ல ஒரு சாஸ் குடுப்பாங்க, 1886லேர்ந்து விக்கறாங்க, அவங்க பாட்டிங்க சூப்புல விட்டுப்பாங்க. நம்ம மஞ்ச பாக்கெட் 1983லதான் இந்தியாவுக்கே வந்துது, அது இங்க ஜெர்மன் கடையில கிடைக்காது, இந்தியக் கடையிலயும் ஆப்கான் பாகிஸ்தான் கடைகள்லயும் இருக்கும். வியட்நாம் கடையில தாய்லாந்து, இந்தோனேசியா நூடுல்ஸ் வகை வகையா இருக்கும், அதுல இந்தோமி கொழம்பில்லாத வகைய ஒரு முட்டையோட செஞ்சு பாருங்க, ராத்திரி பதினொரு மணிக்கு மேகி ஞாபகமே வராது.

டோர்ட்மண்ட் வந்தப்புறம்தான் எனக்கு சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்த மாதிரி ஆச்சு. ஈழத்து அண்ணன் ஒருத்தர் கடை, உள்ள நுழைஞ்சு இடியாப்ப மாவு இருக்கானு கேட்டேன்.

"மா வெள்ளையோ சிவப்போ தம்பி?"

"வெள்ளைண்ணே."

"வறுத்ததோ வறுக்காததோ?"

எனக்கு முழி பிதுங்கிடுச்சு. எங்க மதுரைப் பக்கம் கடையில மாவு கேட்டா ஒரே மாவுதான். அவரே எடுத்து குடுத்து, வறுத்த மாவ நல்லா கொதிக்கற தண்ணி விட்டுப் பிசையணும்னு சொல்லி அனுப்பினார். சிவப்பரிசி மாவு இடியாப்பம் அப்புறம் ஒரு நாள் செஞ்சேன், இப்போ எங்க வீட்ல வெள்ளைக்கே வேலை இல்ல.

அந்தக் கடைங்கள்ல ஃப்ரோசன் இடியாப்பம், ஃப்ரோசன் புட்டு, முருங்கக்கா, தேங்கா, இட்லி மாவு டப்பா, புழுங்கலரிசி, மோர் மிளகா, அப்பளம் எல்லாம் கிடைக்கும். யாழ்ப்பாணத்து கறித்தூள் மட்டும் ஜாக்கிரதையா கையாளுங்க. நல்லா வறுத்து இடிச்சது, மிளகா தூக்கல், நம்ம சாம்பார் பொடி போடற அளவுல போட்டா அன்னைக்கு ராத்திரி தூக்கம் இல்ல. ஆனா ஒரு கத்திரிக்கா கொழம்புக்கு அது ஒரு கரண்டி போட்டு தேங்காப்பால் விட்டா வேற பொடி எதுவும் வேண்டாம். பருத்தித்துறை வடைனு தட்டை மாதிரி ஒண்ணு பாக்கெட்ல இருக்கும், டீக்கு அத அடிச்சுக்க ஆள் இல்ல, ஊர்லேர்ந்து முறுக்கு வருதா வருதானு நான் எதிர்பாக்கறத நிறுத்தினது அதுக்கப்புறம்தான். ஹம்ங்கற ஊர்ல இருக்கற காமாட்சி அம்மன் கோயில் திருவிழா, மே ஜூன்ல வரும், ஆயிரக்கணக்குல சனம் கூடும், அப்போ ரோட்டோரம் கடைங்க போடுவாங்க, ஒரு தடவயாவது பை எடுத்துட்டுப் போங்க.

கேரளாக்காரங்க கடையும் விடாதீங்க. 1960கள்லேர்ந்தே கேரளா நர்ஸுங்க ஜெர்மனிக்கு வந்திருக்காங்க, பெரிய ஆஸ்பத்திரி இருக்கற ஊருங்கள்ல விசாரிச்சா மலையாளிக் கடை மாட்டும். அங்க வர்ற கேரளா பரோட்டா ஏற்கனவே சுட்டது, சும்மா சூடு பண்ணினா போதும். மலேசியாவுலேர்ந்து வர்றது பச்ச மாவு, நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வெச்சு அடுக்கியிருக்கும், எனக்கு இதுதான் பிடிக்கும். உறைஞ்சது உருக விடாதீங்க, உருகினா பிளாஸ்டிக்கோட ஒட்டிக்கும், ஃப்ரீசர்லேர்ந்து நேரா மிதமான தீயில இருக்கற தோசைக்கல்லு, எண்ணெய் வேண்டாம், மாவுலயே கொழுப்பு இருக்கு. ரெண்டு பக்கமும் செவந்ததும் நாலஞ்ச ஒண்ணா அடுக்கி சூட்டோட ரெண்டு கையாலயும் பக்கவாட்டுல தட்டுங்க, இத செய்யாம சாப்பிடறவங்கதான் ஃப்ரோசன் பரோட்டா நல்லா இல்லைனு சொல்லிட்டு திரியறாங்க. ட்ரெயின்ல போய் வாங்கறவங்க சூப்பர்மார்க்கெட் கல்லா பக்கத்துல விக்கற குளிர்ப்பை ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, ரெண்டு யூரோ மூணு யூரோ சமாச்சாரம்.

பாக்கெட் சாமான் எங்க வாங்கினாலும் தேதி பாருங்க. இங்க விக்கணும்னா ஜெர்மன்ல விவரம் இருக்கணும், அதுக்காக இறக்குமதி பண்றவர் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவார், அது எப்பவும் கரெக்டா எவ்வளவு தண்ணி ஊத்தணும்ங்கற வரி மேலதான் ஒட்டியிருக்கும், என்ன ராசியோ. சில நேரம் அசல் தேதியும் அதுக்கடியில போயிடும், ஓரத்த மெதுவா உரிச்சுப் பாத்துக்கோங்க. பொடியும் பருப்பும் தேதி கிட்ட வந்ததுனா பாதி விலைக்குப் போடுவாங்க, தைரியமா வாங்கலாம். மிக்சர், காராச்சேவு, வேர்க்கடலை போட்ட எதுவும் அப்படி வாங்காதீங்க, எண்ணெய் சிக்கு வாடை அடிச்சு மொத்தமும் வீணாப் போகும்.

டீ காபிக்கு அலையவே வேண்டாம். வடக்கு ஓரத்துல ஓஸ்ட்ஃப்ரீஸ்லாண்ட்னு ஒரு பகுதி, அங்க ஆளுக்கு வருஷத்துக்கு 300 லிட்டர் டீ குடிக்கறாங்க, அவங்க குடிக்கறது பெரும்பாலும் அசாம் இலை கலந்த கெட்டி டீ. ஓஸ்ட்ஃப்ரீசன் டீனு எந்த சூப்பர்மார்க்கெட்லயும் இருக்கும், பால் விட்டு கொதிக்க வெச்சா பஸ் ஸ்டாண்ட் டீ. அவங்க முன்னாடி கொதிக்க வெக்காதீங்க, வருத்தப்படுவாங்க. ஃபில்டர் காபிக்கு துருக்கி காபித்தூள் ரொம்ப நைஸ், டிகாஷன் எறங்காது, எஸ்பிரஸோவுக்கு அரைச்சது சரியா வரும். சிக்கரி தேடறவங்களுக்கு, காபிக்கு பதிலா சிக்கரி வறுத்துக் குடிக்கற பழக்கம் 18ம் நூற்றாண்டுலேயே இங்க இருந்திருக்கு, பயோ கடையில தனியா சிக்கரித்தூள் பாக்கெட் கிடைக்கும், அளவா கலந்துக்கலாம். ஊர்லேர்ந்து பார்சல்ல காபித்தூள் அனுப்பச் சொன்னா பரிசுப் பார்சலுக்கு அரைக் கிலோதான் கணக்கு, மேல போனா இங்க காபிக்குனே தனி வரி இருக்கு, கிலோவுக்கு 2.19 யூரோ, அதுக்கு ஒரு ஆபீஸ் வரைக்கும் நடக்க வேண்டி வரும்.

அப்போ பெட்டியில என்னதான் வெக்கறதுனு கேட்டா, என் லிஸ்ட் ரொம்ப சின்னது. வீட்டு சாம்பார் பொடி, ரசப்பொடி ஒவ்வொண்ணும் அரைக் கிலோ, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், சுண்டவத்தல், கூட்டுப் பெருங்காயம், நல்லெண்ணெய் ஒரு லிட்டர் கசியாம கட்டினது, சாத்தூர் காராச்சேவு. அதோட ஒரு மிக்ஸி. மின்சாரம் இங்கயும் 230 வோல்ட்டுதான், பிளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் போட்டா நம்ம ஊர் மிக்ஸி அப்படியே ஓடும், அமெரிக்கா போறவங்களுக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. அரிசி பருப்பு ஒரு மணிகூட எடுத்துட்டு வராதீங்க. அந்த எடைக்கு ஸ்வெட்டர் வைங்க.

கடைசியா கடை நேரம். ஞாயித்துக்கிழமை இங்க கடை கிடையாது, பெரிய ஸ்டேஷனுக்குள்ள இருக்கறது மட்டும் தொறந்திருக்கும், அங்க பரோட்டா இருக்காது. டிசம்பர் 24 மதியம் 2 மணி வாக்குல எல்லாம் சாத்துவாங்க, 25, 26 ரெண்டு நாளும் லீவு. 2026ல 27ம் தேதி ஞாயித்துக்கிழமை வேற, அதனால மூணரை நாள் ஒரு கடை இருக்காது, புதுசா வர்றவங்க அந்த வாரம் திங்கக்கிழமையே ஃப்ரீசர ரொப்பிடுங்க.